இலை மறைந்த சுவர்: சாமர்ராவின் சுதைக் கலை

அம்மான் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய விமான நிலையத்தை அடுத்து, கட்டி முடிக்கப்படாத ஓர் அரண்மனையின் சிதைவுகள் உள்ளன. முஷத்தா என்பது அதன் பெயர். உமையாக் கலீஃபா இரண்டாம் வலீத் 743-ஆம் ஆண்டளவில் அதனை எழுப்பத் தொடங்கினார் என்றும், 744-இல் அவர் கொலையுண்டபோது பணி நின்றுபோயிற்று என்றும் ஆய்வாளர் பெரும்பாலோர் கருதுகின்றனர். அதன் முகப்புச் சுவரின் பெரும்பகுதி 1903-இல் உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதால் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டுப் பெர்லின் போய்ச் சேர்ந்தது. சுமார் 33 மீட்டர் நீளமும் 5 மீட்டர் உயரமும் உடைய அச்சுவரைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது கல்லின் கனமன்று. கல்லே துணியாகி, அத்துணியில் ஊசிவேலை செய்யப்பட்டதோ என ஐயுறவைக்கும் நுணுக்கமே. அகழ்ந்து, துளைத்து, இடைவெளியே இல்லாதபடி திராட்சைக் கொடிகள் சுவரெங்கும் படர்ந்துள்ளன. இலை, காம்பு, கனிக்கொத்து ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே புலப்படுகிறது.

சுவரின் இடப்பக்கத்தில் அக்கொடிகளுக்கிடையே சிங்கங்கள் நிற்கின்றன. பறவைகள் கனிகளைக் கொத்துகின்றன. சிறகுடைய கற்பனை விலங்குகள் நீர்க்கலத்தின் இருமருங்கும் குனிந்து அருந்துகின்றன. வாயிலைக் கடந்து வலப்பக்கம் வந்தால் அதே கொடி, அதே இலை, அதே கனி. ஆனால் உயிரினம் ஒன்றேனும் இல்லை. காரணம் எளிது. வலப்பக்கச் சுவரின் உட்புறத்தில் அமைந்திருந்தது அரண்மனையின் பள்ளிவாசல். அச்சுவரே அதன் கிப்லாச் சுவருமாகும். மிஹ்ராபுக்கு முதுகு காட்டி நிற்கும் கல்லில் சிங்கத்தைச் செதுக்கச் சிற்பிகளின் கை கூசியிருக்கிறது, அல்லது அவ்வாறு செதுக்கலாகாது எனப் பணிக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரே சுவர், ஒரே கைகள், ஒரே தலைமுறை. எங்கே உருவம் தகும், எங்கே தகாது என்ற உணர்வு ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான கற்சான்று வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இஸ்லாமியக் கலையைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். ‘உருவம் விலக்கப்பட்டது, ஆகவே முஸ்லிம் கலைஞர்கள் கோடுகளுக்கும் கோணங்களுக்கும் திரும்பினர்’ என்ற ஒற்றை வரி பாடநூல்களிலும் வழிகாட்டி நூல்களிலும், ஏன், நம்மவர் மேடைகளிலும் அடிக்கடி கேட்கப்படுகிறது. இவ்வரியில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அது பாதி உண்மை. மறுபாதியை அது மறைத்தும்விடுகிறது. உருவங்களைத் தீட்டிப் பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து வழி கேட்டதும், மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் தீட்டிக்கொள்ளுமாறு அவர் அறிவுறுத்தியதும் ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ள செய்தி. அதாவது மரத்திற்குத் தடை இல்லை. இலைக்கும் கொடிக்கும் கனிக்கும் தடை இல்லை. முஷத்தாவின் வலப்பக்கத்தில் சிங்கம் ஏன் மறைந்தது என்பதை உருவவிலக்கு விளக்கிவிடும். ஆனால் அடுத்த நூற்றாண்டில் இலையே மறைந்ததே, அதை எவ்வாறு விளக்குவது? விலக்கப்படாத ஒன்றை நம் கைவினைஞர் தாமாகவே உருமாற்றி, காம்பை நீக்கி, நரம்பை நீக்கி, இறுதியில் எதன் வடிவம் என்றே சொல்லவியலாத வளைகோட்டுப் பரப்பாக்கியது ஏன்?

இவ்வினாவுக்கு விடை தேட நாம் செல்லவேண்டிய இடம் சாமர்ரா.

அதற்குமுன், இலை எவ்வளவு செழிப்பாக இருந்தது என்பதை நினைவிற்கொள்வது நலம். ஹிஜ்ரி 72-இல் (கி.பி. 691-692) கலீஃபா அப்துல் மலிக் ஜெரூசலத்தில் எழுப்பிய குப்பத்துஸ் ஸக்ராவின் உட்சுவர்களில் பொன்னும் வண்ணக் கண்ணாடியும் முத்துச் சிப்பியும் பதித்த மொசைக் வேலைகள் உள்ளன. மணிகள் இழைத்த குடங்களிலிருந்து கொடிகள் சுருண்டெழுகின்றன. பேரீச்சைகள் குலைதள்ளி நிற்கின்றன. திமிஷ்கின் பெரிய பள்ளிவாசலில் முதலாம் வலீதின் ஆட்சியில் (705-715) அமைந்த மொசைக்குகளில் ஆறு ஓடுகிறது. ஆற்றங்கரையில் மாடமாளிகைகளும் நெடுமரங்களும் நிற்கின்றன. மனிதர் மட்டும் இல்லை. அம்மரங்களின் அடிமரத்துப் பட்டையில் விழும் நிழலைக்கூடக் கலைஞர் விட்டுவைக்கவில்லை. பைசாந்தியரிடமும் சாசானியரிடமும் பயின்ற கைகள் இவை. கண்ட பொருளைக் கண்டவாறு காட்டும் திறமை அக்கைகளுக்குக் குறைவின்றி இருந்தது. ஆகையால், இயற்கையை வரையத் தெரியாமையால் கோலங்களில் தஞ்சம் புகுந்தனர் என்ற பழைய ஐரோப்பிய இளக்காரத்திற்கும் இங்கே இடமில்லை.

அப்பாஸியக் கலீஃபா முஃதஸிம் 836-இல் பக்தாதை விட்டு அகன்று, அதற்கு வடக்கே சுமார் 125 கிலோமீட்டர் தொலைவில், திஜ்லா எனும் டைகிரிஸ் ஆற்றின் கீழைக்கரையில் புதிய தலைநகரை அமைத்தார். அவருடைய துருக்கியப் படைவீரர்களுக்கும் பக்தாத் மக்களுக்கும் இடையே மூண்ட பூசல்களே இதற்கு உடனடிக் காரணம். ‘சுர்ர மன் ரஆ’, அதாவது ‘கண்டவர் மகிழ்ந்தார்’, என்று அந்நகரின் பெயர் நாணயங்களில் பொறிக்கப்பட்டது. 892-இல் கலீஃபாக்கள் மீண்டும் பக்தாதுக்கே திரும்பிவிட்டதால் சாமர்ராவின் தலைநகர் வாழ்வு 56 ஆண்டுகளோடு முடிந்தது. அந்தக் குறுகிய காலத்தில் ஆற்றோரமாக 40 கிலோமீட்டருக்கும் மேலாக அரண்மனைகளும் படைவீடுகளும் பள்ளிவாசல்களும் வீடுகளும் நிரம்பின. முத்தவக்கில் கட்டிய பெரிய பள்ளிவாசல் மட்டுமே ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 156 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் சுருள்வழி மினாரா 52 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் வரலாற்று ஆசிரியரும் நிலவியலாளருமான யஅகூபீ, முஃதஸிம் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் கட்டடத் தொழிலாளரையும் தச்சரையும் கல்தச்சரையும் வரவழைத்ததையும், பாஸ்ராவிலிருந்து தேக்கு முதலிய மரங்களைத் தருவித்ததையும் எழுதிவைத்துள்ளார். (பாஸ்ராவில் தேக்கு விளைவதில்லை. அது இந்தியாவிலிருந்து கடல்வழியே போனது. ஆங்கிலேயர் வழங்கும் அதன் பெயரே நம் ‘தேக்கு’ என்ற சொல்லின் வழிவந்ததுதான்.)

இவ்வளவு பெருநகரின் கட்டுமானப் பொருள் என்ன? கல் அன்று. அப்பகுதியில் நல்ல கல் அரிது. சுவர்களில் பெரும்பாலானவை பச்சைச் செங்கல்லால் எழுந்தவை. அவற்றின்மேல் பூசப்பட்டது ஜிப்சச் சுதை. அறைகளின் அடிச்சுவரில் ஏறத்தாழ ஓர் ஆள் இடுப்பளவுக்கும் மேலாக ஓடும் பட்டையில் அச்சுதை அணிவேலைப்பாடு பெற்றது. 1911 முதல் 1913 வரை ஜெர்மானிய ஆய்வாளர்களான எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்டும் ஃபிரெடரிக் ஸாரேயும் நடத்திய அகழாய்வில் வெளிப்பட்டவை பெரும்பாலும் இப்பட்டைகளே. அவற்றை ஹெர்ஸ்ஃபெல்ட் மூன்று வகையாகப் பிரித்து 1923-இல் நூலாக வெளியிட்டார். வேடிக்கை என்னவெனில், அவர் ‘முதல் வகை’ என்றழைத்ததைப் பின்வந்த ஆய்வாளர் இறுதி வகை எனத் திருப்பி வரிசைப்படுத்தினர். கிரெஸ்வெல் வகுத்த அவ்வரிசையே இன்று பெருவழக்கு. நாமும் அதனையே பின்பற்றுவோம். ஒன்று முற்றும் ஒழிந்தபின் மற்றொன்று பிறந்தது என்று மட்டும் இதனைக் கொள்ளலாகாது. ஐம்பது சொச்சம் ஆண்டுகளே வாழ்ந்த நகரில் தந்தையின் பாணியும் மகனின் பாணியும் அடுத்தடுத்த தெருக்களில் நிலவியிருக்கக் கூடும்.

முதல் வகையில் திராட்சை இலை இன்னும் திராட்சை இலைதான். ஐந்து மடல்கள், மடல்களுக்கிடையே கண்போலத் துளைத்த குழிகள், காம்பு கொடியோடு பிணைந்திருக்கிறது, கனிக்கொத்தும் தொங்குகிறது. இலைக்குப் பின்னால் ஆழமாக அகழ்ந்த நிழற்பரப்பு உண்டு. முஷத்தாச் சிற்பியின் பேரப்பிள்ளை செய்த வேலை என்று துணிந்து கூறிவிடலாம். வேறுபாடு ஒன்று உளது. கொடி தன்போக்கில் படரவில்லை. முத்துவரிசைபோன்ற பட்டைகளால் வகுக்கப்பட்ட கட்டங்களுக்குள் அது அடங்கி நடக்கிறது. (முஷத்தாவிலேயே மேலும் கீழுமாக ஓடும் பெருங்கோடு சுவரை முக்கோணங்களாகப் பிரித்திருந்தது என்பதையும் இங்கே எண்ணிப்பார்க்கலாம். வடிவியலின் ஆட்சி சட்டகத்திலிருந்தே தொடங்குகிறது.)

இரண்டாம் வகையில் கொடி காணாமற்போகிறது. இலை மட்டும் எஞ்சுகிறது. அதுவும் காம்பில்லாமல், தான் நிற்கும் கட்டத்தை நிரப்புமளவுக்குப் பருத்து, அதன் எல்லைக்கேற்ப வளைந்துகொள்கிறது. கண்குழிகள் இல்லை. மாறாக, இலையின் மேற்பரப்பு முழுவதும் சிறு புள்ளிகளாலும் குறுக்குக் கீறல்களாலும் நிறைந்துள்ளது. இயற்கையின் தோற்றம் குறையக் குறையப் பரப்பின் சொரசொரப்பு கூடுகிறது. இழந்ததற்கு ஈடாகக் கலைஞர் எதையோ தேடித் துழாவுவது போன்ற வேலை இது. பின்னணியோ இலைகளுக்கிடையே ஓடும் மெல்லிய பள்ளமாகச் சுருங்கிவிட்டது.

மூன்றாம் வகைக்கு வரும்போது அப்பள்ளமும் மறைகிறது. இதுதான் அறிஞர்கள் ‘சாய்வெட்டு’ எனக் குறிக்கும் பாணி. கீறல் இல்லை, துளை இல்லை, நுணுக்கம் என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை. அகன்ற, வழவழப்பான வளைபரப்புகள் ஒன்றையொன்று சரிவாகச் சந்திக்கின்றன; இரு சரிவுகள் கூடும் இடமே கோடு. சுருள்கள், குடுவை போன்ற வடிவங்கள், நடுவே பிளந்த தளிர்போன்ற இரட்டை வளைவுகள் ஆகியவை செங்குத்தான நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்திசைந்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் தொடர்ந்துகொண்டே போகின்றன. பட்டையின் ஓரத்தில் அவை முடிவதில்லை, வெட்டுண்டு நிற்கின்றன. ஒரு வடிவத்தைக் கண்ணால் பற்றித் தொடர்ந்து சென்றால், அதன் வெளிக்கோடு அடுத்த வடிவத்தின் உட்கோடாகிவிடுவதை உணர்வோம். எது உருவம், எது பின்னணி? இரண்டும் ஒன்றே. ஆயிரம் ஆண்டுகளாக மத்தியதரைக் கடல் நாடுகளின் அணிக்கலை ‘பின்னணிமேல் நிற்கும் பொருள்’ என்ற அடிப்படையில் நடந்துவந்தது. சாமர்ராவின் சுதைக்காரர் அந்த அடிப்படையையே கைவிட்டனர். இலை அழிக்கப்பட்டது என்பதைவிட, இலையும் வெளியும் கரைந்து ஒரே பரப்பாயின என்பதே பொருந்தும்.

இதற்குக் கூறப்படும் காரணங்களுள் மிகவும் பரவியது தொழில் சார்ந்தது. பல்லாயிரம் அறைகள், அவசர அவசரமாக எழும் நகரம், விரைந்து இறுகும் ஜிப்சம். ஒவ்வொரு இலையையும் உளிகொண்டு அகழ்ந்துகொண்டிருக்க நேரமில்லை. ஆகவே மர அச்சுகள் செய்து ஈரச் சுதையில் அழுத்தினர். அச்சைப் பிரித்தெடுக்கும்போது, ஆழமாக அகழ்ந்த இலை விளிம்பு பிய்ந்து அச்சோடு வந்துவிடும். சாய்வான சரிவோ வழுக்கி விடுபடும். எனவே அச்சுமுறையே சாய்வெட்டைப் பிறப்பித்தது என்பது வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகவே உள்ளது; சுதைவேலை தெரிந்த எவரும் இதை மறுக்கமாட்டார். ஆனால் ஓர் இடையூறு உண்டு. இதே சாய்வெட்டு வேலை மரத்திலும் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு ஈராக்கைச் சார்ந்த தேக்குக் கதவுகள் சில எஞ்சியுள்ளன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஓர் இணை உள்ளது. தேக்கை யாரும் அச்சில் வார்ப்பதில்லை. உளியால் ஒவ்வொரு சரிவையும் பொறுமையாகச் சீவியே ஆகவேண்டும். அவசரம்தான் காரணமெனில், அவசரமே கூடாத மரத்தச்சர் ஏன் அதே பாணியைக் கைக்கொண்டார்? தொழில்நுட்பம் ஒரு பாணி பரவக் கைகொடுக்கும். அப்பாணியை விரும்பும் கண்ணை அது தானே உண்டாக்கிவிடாது என்றே நான் கருதுகிறேன்.

நடு ஆசிய மேய்ச்சல் நிலத்து மக்களின் மர, உலோக வேலைகளிலிருந்து துருக்கிய வீரர்கள் வழியாக இது வந்தது என்றொரு கருத்தும் உண்டு. சாமர்ராவில் துருக்கியர் நிறைந்திருந்தது உண்மைதான். எனினும் படைவீரரின் வார்ப்பூட்டிலிருந்து கலீஃபாவின் அறைச்சுவருக்கு ஒரு பாணி ஏறிய வழியைக் காட்டும் இடைப்பொருள்கள் போதவில்லை. இதைவிட்டு மேலே செல்வோம்.

உருவவிலக்குக் காரணத்தை மீண்டும் எடுத்துப் பார்க்கலாம். ஏனெனில் சாமர்ராவே அதற்கு விடை தருகிறது. முஃதஸிமின் அரண்மனையான ஜவ்ஸக்கில் ஹெர்ஸ்ஃபெல்ட் ஓவியங்களைக் கண்டெடுத்தார். ஆடல் மகளிர், விலங்குகள், பறவைகள் ஆகியன அவற்றில் தீட்டப்பட்டிருந்தன. மார்க்க அறிஞர் அவற்றை ஒப்பியிருப்பர் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவற்றைத் தீட்டச்செய்த அரசவைக்கு உருவம் பற்றிய கூச்சம் இல்லை என்பது வெளிப்படை. அதே அரண்மனையின் அடிச்சுவர்களில் இலைகூட இல்லாத சாய்வெட்டுச் சுதை! தடைக்கு அஞ்சாதவர்கள் தம் விருப்பத்தின்படியே அவ்வடிவத்தைத் தேர்ந்தனர் என்றல்லவா இது காட்டுகிறது? பள்ளிவாசல் ஆகட்டும், மாளிகை ஆகட்டும், சாதாரண வீடாகட்டும், சாமர்ராவில் எல்லாரும் விரும்பிய கலை அது. இல்லாமையின் கலையாக அதைப் பார்ப்பது அக்கைவினைஞருக்கு நாம் இழைக்கும் அநீதி.

ஆஸ்திரியக் கலையறிஞர் அலோயிஸ் ரீகல் 1893-இலேயே, அதாவது சாமர்ராவில் மண்வெட்டி விழுவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, எகிப்தியத் தாமரையிலிருந்தும் கிரேக்க இலைவடிவங்களிலிருந்தும் படிப்படியாக முஸ்லிம்களின் கொடிக்கோலம் எவ்வாறு உருவாயிற்று என்று ஆராய்ந்தார். ஒரு வடிவம் தன் உள்ளியல்பினாலேயே மாறிக்கொண்டு செல்லும் என்பது அவர் கொள்கை. கொடியின் வளர்ச்சி விதியை விட்டு வடிவத்தின் விதிக்கு இலை கட்டுப்படும் கணத்தை அவர் ஊகித்திருந்தார். சாமர்ரா அதற்குக் காணும் சான்றாயிற்று. ஓர் இலையின் நுனியிலிருந்து இன்னோர் இலை முளைப்பது இயற்கையில் இல்லை. கோலத்தில் உண்டு. அதற்கு ஒப்புக்கொண்ட கண், பிறகு காம்பு எங்கே என்று கேட்பதில்லை.

சாமர்ரா பாழாயினும் அதன் பாணி பாழாகவில்லை. அங்கே வளர்ந்தவரான அஹ்மத் இப்னு தூலூன் 868-இல் எகிப்துக்கு அனுப்பப்பட்டார். 876-க்கும் 879-க்கும் இடையே அவர் கட்டிய பள்ளிவாசல் இன்றும் கெய்ரோவில் தொழுகைக்குரிய இடமாக நிற்கிறது. கல்லுக்குப் பஞ்சமில்லாத எகிப்தில் அவர் செங்கல்லும் சுதையுமாகவே கட்டினார் என்பது கவனத்திற்குரியது. தாய்நகரின் நினைவு அவ்வளவு வலுவானது போலும். அப்பள்ளியின் வளைவுகளது அடிப்பரப்புகளில் ஒரு புதிய கூட்டுறவைக் காண்கிறோம். ஒன்றோடொன்று பின்னிய வட்டங்களும் பன்கோணங்களும் சட்டகமாகின்றன; அவற்றின் வயிற்றில் சாமர்ரா இலைகள் அடங்கியிருக்கின்றன. சாளரங்களில் பொருத்திய சுதைப் பலகணிகளுள் பழமையானவையாகக் கருதப்படும் சிலவற்றில் இலையும் இல்லை. கவராயம் வரைந்த வட்டவில்கள் மட்டுமே. வளைகொடியிலிருந்து கோணத்திற்குக் கலை அடியெடுத்து வைக்கும் வாசற்படி இதுவெனலாம்.

அவ்வாசலுக்கு அப்பால் நம்மை அழைத்துச் செல்பவர் ஓர் அறிஞர். அபுல் வஃபா அல்-பூஸ்ஜானீ (940-998) பக்தாதில் வாழ்ந்த கணித, வானியல் மேதை. கைவினைஞருக்குத் தேவையான வடிவியல் வரைமுறைகள் பற்றி அவர் ஒரு தனிநூல் எழுதினார். வடிவியலாளரும் கைவினைஞரும் கூடிய அவைகளில் தாம் கலந்துகொண்டதை அதில் அவர் குறிப்பிடுகிறார். ஓர் அவையில் எழுந்த வினா இது: சம அளவுள்ள மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி? கைவினைஞர் பல வழிகளைக் காட்டினர். கண்ணுக்கு அவை சரியாகத் தோன்றின, அளந்தால் பிசகின. வடிவியலாளரோ பக்க நீளத்தைக் கோட்டால் நிறுவிக்காட்டினர்; வெட்டி ஒட்டும் வழி அவர்களுக்குப் புலப்படவில்லை. ஒருவர் கைக்கு நிரூபணம் இல்லை. மற்றவர் நிரூபணத்திற்குக் கை இல்லை.

அபுல் வஃபா தந்த தீர்வு மிக அழகியது. ஒரு சதுரத்தை அப்படியே நடுவில் வையுங்கள். மற்ற இரண்டையும் மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றின் நெடும்பக்கம் நடுச்சதுரத்தின் பக்கத்தோடு ஒட்டியிருக்க, ஒரு கூர்முனை சதுரத்தின் மூலையில் பொருந்த, நான்கையும் ஒரே சுற்றுமுறையில் காற்றாடிபோல அடுக்குங்கள். இப்போது நான்கு முக்கோணங்களின் செங்கோண முனைகளையும் நேர்கோடுகளால் இணைத்தால் ஒரு பெருஞ்சதுரம் தோன்றும். அதற்கு வெளியே துருத்தும் நான்கு சிறு துண்டுகளை வெட்டி, உள்ளே காலியாக உள்ள நான்கு இடைவெளிகளில் வைத்தால் மயிரிழையும் பிசகாமல் பொருந்தும். சிறு சதுரத்தின் பக்கம் ஒன்று எனில் பெருஞ்சதுரத்தின் பக்கம் மூன்றின் வர்க்கமூலம். பரப்பு சரியாக மூன்று. வாசகர்கள் ஒரு தாளை எடுத்து வெட்டிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். வெட்டி முடித்ததும் மேசைமேல் கிடக்கும் காற்றாடிக் கோலம் ஈரானிய ஓட்டு வேலைகளில் எங்கோ பார்த்ததுபோல் தோன்றினால் அது தற்செயலன்று. நிரூபணமே அணிவேலையாகிவிட்டது.

பதினோராம் நூற்றாண்டில் இதன் முழுமலர்ச்சியைக் காண்கிறோம். ஈரானின் கர்ரகான் என்னுமிடத்தில் 1067-இலும் 1093-இலும் எழுந்த இரு எண்கோணக் கல்லறைக் கோபுரங்களில் செங்கல்லையே அடுக்கும் முறையால் பலவகைக் கோலங்கள் ஆக்கப்பட்டுள்ளன. பூச்சு இல்லை, வண்ணம் இல்லை. கோலம் சுவரின்மேல் இல்லை; சுவரே கோலம். அதன்பின் விண்மீன் கோலங்கள், பதின்கோணங்கள், தைமூரியரின் வண்ண ஓடுகள் எனத் தொடரும் வரலாறு நன்கறியப்பட்டதே. இஸ்தான்பூலின் தோப்காபி அரண்மனை நூலகத்தில் உள்ள, ஏறத்தாழ 29 மீட்டர் நீளமுடைய வரைபடச் சுருளில் 114 கோலங்கள் உள்ளன. உளியாலோ கவராயத்தாலோ தாளில் கீறிய மையற்ற வழிகாட்டிக் கோடுகள் அதில் காணக்கிடக்கின்றன. வெளியே தெரியும் கோலத்திற்கு அடியில் அதைத் தாங்கும் கண்ணுக்குப் புலப்படாத கட்டமைப்பு அது.

இங்கே ஒரு கருத்தைச் சற்று வெளிப்படையாகவே கூறவேண்டியுள்ளது. முடிவின்றித் தொடரும் கோலம் தவ்ஹீதின் குறியீடு என்றும், மையப்புள்ளியிலிருந்து விரியும் விண்மீன் ஒருமையிலிருந்து பன்மை தோன்றுவதைக் காட்டுகிறது என்றும் இன்று பலர் எழுதுகின்றனர். நம் பள்ளிவாசல் திறப்புவிழா மலர்களிலும் இது இடம்பெறத் தவறுவதில்லை. 1976-இல் இலண்டனில் நடைபெற்ற இஸ்லாமிய உலக விழாவையொட்டி வெளிவந்த டைட்டஸ் புர்க்ஹார்ட், கீத் கிரிச்லோ ஆகியோரின் நூல்கள் இவ்விளக்கத்தைப் பரப்புவதில் பெரும்பங்கு வகித்தன. நெஞ்சைத் தொடும் விளக்கம்தான். தொழுபவர் ஒருவர் அக்கோலத்தைக் கண்டு அவ்வாறு சிந்தித்தால் அதில் பிழையும் இல்லை. ஆயினும் சாமர்ராவின் சுதைக்காரரோ கர்ரகானின் கொத்தரோ அப்படி எண்ணியே இதைச் செய்தனர் என்று சொல்வதற்கு அவர்கள் எழுதிவைத்த சான்று நம் கையில் இல்லை. குல்ரு நெஜிபோக்லு 1995-இல் தோப்காபிச் சுருளை விரிவாக ஆராய்ந்து எழுதியபோது, காலத்தையும் இடத்தையும் புறக்கணித்த இத்தகைய பொதுமை விளக்கங்களை வன்மையாகவே மறுத்தார். ஒவ்வொரு கோலமும் ஓர் ஊரில், ஓர் ஆட்சியில், ஒரு பயிற்சிமரபில் பிறந்தது என்பதை ஒப்புக்கொள்வதால் மார்க்கத்திற்கு எந்தக் குறைவும் நேரப்போவதில்லை. அபுல் வஃபாவின் அவையில் நின்று, அளவு பிசகியதைக் கேட்டுத் தலைகுனிந்து, மறுநாள் திருத்திக்கொண்ட பெயரறியாத அந்தத் தச்சரை மறந்துவிட்டு, அவர் கைவேலையைத் தத்துவமாக மட்டும் வியப்பது எனக்கு உவப்பாயில்லை.

இதே நிகழ்வு நம் கடற்கரையிலும் வேறொரு வகையில் நடந்துள்ளதைச் சுட்டாமலிருக்க இயலவில்லை. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் பழைய கற்பள்ளிகளைக் கண்டவர் அறிவர். போதிகையும் நாகபந்தமும் உள்ள தமிழகத்துத் தூண்கள்தாம் அவை; கோயிற்பணி பயின்ற சிற்பிகளின் மரபில் வந்தவை. ஆனால் கோயில் தூணில் தெய்வ உருவமோ யாளியோ நிற்கும் சதுரப் பரப்பில் இங்கே தாமரையும் கொடியும் வட்டமும் பின்னலும் நிற்கின்றன. முஷத்தாவின் வலப்பக்கச் சுவரை நினைவூட்டும் வேலை. இத்தூண்களுக்கு எண்ணெய்ச்சாயம் அடித்துச் செதுக்கலை மூடுவதும், விரிவாக்கத்தின்போது பெயர்த்தெறிந்துவிட்டு அவ்விடத்தில் அச்சுவார்த்த ‘அரபுக் கோலப்’ பலகைகளை ஒட்டுவதும் பல ஊர்களில் நடந்துவருகின்றன. ஒட்டுபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். பெயர்த்தெறியப்பட்ட தூண்தான் அக்கோலத்தின் நெருங்கிய உறவு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சாமர்ராவின் சுதைக்கு நேர்ந்த கதி இதனினும் இரங்கத்தக்கது. முதல் உலகப்போரின்போது பிரித்தானியப் படைகள் அங்கே நுழைந்தபோது ஹெர்ஸ்ஃபெல்ட் பெட்டிகளில் கட்டிவைத்திருந்த பொருள்கள் அவர்கள் கையில் சிக்கின. அவை பின்னர் இலண்டனுக்கு அனுப்பப்பட்டுப் பல நாடுகளின் அருங்காட்சியகங்களுக்குப் பங்கிடப்பட்டன. ஒரே அறையின் சுவர்ப்பட்டை இன்று இரண்டு மூன்று நகரங்களில் துண்டுகளாக இருக்கக் காரணம் இதுவே. களத்தில் விடப்பட்ட பச்சைச் செங்கல்லும் சுதையும் மழையிலும் காற்றிலும் கரைந்தன. 2005-இல் சுருள் மினாராவின் உச்சி குண்டுவெடிப்பில் சேதமுற்றது. 2007-இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோதே ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. பல சுவர்களைப் பொறுத்தவரை இன்று எஞ்சியிருப்பவை ஹெர்ஸ்ஃபெல்ட் எடுத்த நிழற்படங்களும் பென்சிலால் வரைந்த படங்களுமே. 1946-இல் அவர் வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடத்திற்கு அளித்த குறிப்பேடுகளில் அவற்றுட் பல உள்ளன. சாய்வெட்டுச் சுருள் ஒன்றைப் படியெடுக்கும்போது எங்கிருந்து தொடங்கி எங்கே நிறுத்துவது என்பது அவருக்கே விளங்கவில்லை போலும். சில தாள்களில் கோடு விளிம்புவரை ஓடி, அப்படியே விடப்பட்டிருக்கிறது.